உங்கள் கார்களில் எதை விற்றிருக்கக் கூடாது என்று இன்று கருதுகிறீர்கள்?

கேள்வி – திருச்சிராப்பள்ளியிலிருந்து

வணக்கம். 1986ஆம் ஆண்டு முதல் இன்றுவரை நான்கு கார்கள் என்னிடம் இருந்திருக்கின்றன. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிரீமியர் பத்மினி, அதன் பிறகு மாருதி 800, ஹூண்டாய் சான்ட்ரோ, இப்போது ஓட்டும் வேகன் ஆர். சென்ற வாரம் பீரோவை ஒழுங்குபடுத்தியபோது பத்மினியின் மாற்றுச் சாவி அகப்பட்டது. 1997இல் வண்டியை விற்றபோது அதைக் கொடுக்க மறந்திருக்கிறேன். நாங்கள் யாரும் அதைப் பத்மினி என்று சொன்னதில்லை, இத்தாலியின் பியட் நிறுவன வடிவமைப்பு என்பதால் எங்களுக்கு அது பியட்தான். கியர் கம்பி ஸ்டியரிங்கின் பக்கவாட்டில் இருந்ததாலும், முன் இருக்கை ஒரே நீளப் பெஞ்சாக இருந்ததாலும், எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் மகள் உட்கார்ந்துகொண்டு, நான் கிளட்சை மிதிக்கும் நேரம் பார்த்து "இரண்டு", "மூன்று" என்று கியரின் எண்ணைச் சொல்லிக்கொண்டே வருவாள். அடுத்து வந்தவை சௌகரியத்தில் எவ்வளவோ மேலானவை. ஆயினும் அவற்றை விற்றபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

உங்களுக்கு அப்படி அமைந்த வண்டி எது? ஒரு பழைய பத்மினியை இப்போது தேடி வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் – சென்னையிலிருந்து

ஐயா, எனக்கு அது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். சென்னையிலேயே தயாரான கார் என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பெருமை உண்டு. மற்ற வண்டிகளில் பானெட் மூடி மட்டும் திறக்கும். ஹெரால்டிலோ இருபக்க மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்ந்து முன்பாகம் முழுவதுமே முன்னோக்கிச் சாயும். சாய்த்துவிட்டால் முன் டயரின்மேல் உட்கார்ந்தபடியே பிளக்கைக் கழற்றித் துடைக்கலாம், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயின்டை உப்புத்தாளால் தேய்க்கலாம். எஞ்சின் என்றால் என்னவென்று நான் கற்றது அந்த டயரின்மேல் உட்கார்ந்துதான். ஆலை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகு, உதிரி பாகங்களைத் தேடி அலைய நேரமில்லாமல், கொட்டகையில் நின்ற வண்டியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். அதை ஓட்டக்கூடிய ஒருவருக்கு இலவசமாகக் கொடுத்திருந்தாலும் மனம் ஆறியிருக்கும்.

பதில் – மதுரையிலிருந்து

1983 டிசம்பரில் முதல் மாருதி 800இன் சாவியை இந்திரா காந்தி வழங்கினார். அப்போது நான் கல்லூரி மாணவி. கார் என்பது எனக்கும் உரியது என்ற எண்ணமே அன்று இல்லை. புகுந்த வீட்டில் அம்பாசிடரும் அதற்கொரு ஓட்டுநரும் இருந்தார்கள். 1993இல் என் சம்பளத்தில் 800 வாங்கியபோது, ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்ததைப் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். மூன்று சிலிண்டர், 796 சிசி கொண்ட சிறிய வண்டிதான். ஆனால் கிளட்ச் இலகுவாக இருந்தது, சந்து பொந்துகளில் திருப்பவும் முடிந்தது. திண்டுக்கல்லில் இருந்த அம்மாவைப் பார்க்க, யாரிடமும் கேட்காமல், எவருக்காகவும் காத்திருக்காமல் நானே புறப்பட்டுப் போக முடிந்தது அந்த வண்டியால்தான். பதினான்கு ஆண்டுகள் ஓட்டி, எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்த அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதில் – கோயம்புத்தூரிலிருந்து

வாங்குவது பற்றி மட்டும் சொல்கிறேன். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். எனவே புதுப்பிப்பு நடப்பில் உள்ள வண்டியை மட்டும் பாருங்கள். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்துகின்றனவா என்று நேரில் சரிபாருங்கள். பெயின்டைப் பார்த்து மயங்காமல், உள்ளே விரித்திருக்கும் தரைவிரிப்பைத் தூக்கித் தரைத்தகட்டையும் கதவின் அடிவிளிம்பையும் விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே துரு அரித்திருந்தால் செலவுக்கு எல்லையே இருக்காது. எஞ்சின் எளிமையானது, கார்பரேட்டர் வேலை தெரிந்த மூத்த மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். ஆனால் நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு நீண்ட பயணம் போக இன்றைய வண்டியையே எடுங்கள். அந்தக் காலத்து பிரேக் இன்றைய வேகத்துக்கு ஏற்றதன்று.

கேள்வி கேட்டவர் – திருச்சிராப்பள்ளி

அனைவருக்கும் நன்றி. கரூரில் ஒரு வண்டி விலைக்கு இருப்பதாகத் தகவல் கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கோடு போய்த் தரைத்தகட்டைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவேன். இவ்வளவு நாளும் வேண்டாம் என்று சொல்லிவந்த என் மனைவி, முன் இருக்கை பெஞ்சாக இருக்கிறதா என்று இன்று காலை கேட்டார்.