ஹோம் ரன்னுக்குத் தமிழ்: வேலியா, சுற்றா?

குழுவினருக்கு வணக்கம்.

பேஸ்பாலில் அடித்தவர் தன் ஒரே அடியில் களத்தை முழுதாகச் சுற்றி வந்து ஓட்டம் எடுப்பதுதான் ஹோம் ரன். அதற்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழுவில் இதுவரை வந்த பரிந்துரைகள் வீட்டோட்டம், மனையடி, எல்லைதாண்டி. முதலாவதைக் கேட்டால் வீட்டைவிட்டு ஓடிப்போனவர் ஞாபகம்தான் வருகிறது, விட்டுவிடலாம். மனையடி காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கூடவே 'சாஸ்திரம்' வந்து ஒட்டிக்கொள்கிறதே!

எல்லைதாண்டிக்குத்தான் ஆதரவு அதிகம். சிக்ஸர் பார்த்துப் பழகிய நமக்கு அது இயல்பு. ஆனால் பேஸ்பாலில் பந்து வேலியைத் தாண்டினால் மட்டும் போதாது. அடித்தவர் களத்திலுள்ள மூன்று தளங்களையும் (பேஸ்) வரிசையாகத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். 1999 அக்டோபரில் நியூயார்க் மெட்ஸ் அணியின் ராபின் வென்ச்சுரா, அட்லாண்டாவுக்கு எதிராக 15ஆவது இன்னிங்ஸில் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினார். மூன்று தளங்களிலும் அவர் அணி ஆட்கள் நின்றதால், அவரையும் சேர்த்து நான்கு ஓட்டம் வந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டாம் தளத்தை எட்டுவதற்குள் சகவீரர்கள் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார்கள். ஆட்டம் ஜெயித்தது, சரி. ஏட்டில் ஏறியதோ ஒற்றைத் தள அடி (முதல் தளம் வரை மட்டும் போன கணக்கு), ஒரே ஓட்டம்.

நியூயார்க் யாங்கீஸ் வீரர் லூ கெரிக் கதை இன்னும் பாவம். 1931இல் அவர் அடித்த பந்து பார்வையாளர் பகுதியில் பட்டு மைதானத்துக்குள் திரும்பி வந்தது. தளங்களில் அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த சகவீரர் லின் லேரி, பந்தைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து நேராகப் போய் உட்கார்ந்துவிட்டார். கெரிக் அவரைத் தாண்டி ஓடியதால் அவுட். அந்த ஆண்டு முடிவில் கெரிக்கும் அதே அணியின் பேப் ரூத்தும் ஆளுக்கு 46 ஹோம் ரன். அந்த ஒன்று எண்ணப்பட்டிருந்தால் கெரிக் தனியாக முதலிடம் பிடித்திருப்பார்.

நேர்மாறாக, 2007 ஆல் ஸ்டார் ஆட்டத்தில் (நட்சத்திர வீரர்கள் மோதும் காட்சி ஆட்டம்) ஜப்பானிய வீரர் இச்சிரோ அடித்தது வேலியைத் தாண்டவே இல்லை. சுவரில் பட்டு எங்கோ திரும்பியது. அதைத் துரத்திப் பிடிப்பதற்குள் மனிதர் சுற்றி வந்துவிட்டார். அதுவும் ஹோம் ரன்தான். எல்லைதாண்டி என்று வைத்தால் இதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

ஆகவே என் பரிந்துரை: முழுச்சுற்று. பட்டியலில் போட்டுப் பாருங்கள். ஆடிய காலம் முழுவதற்கும் ரூத் 714 முழுச்சுற்று, ஹேங்க் ஆரன் 755, பாரி பாண்ட்ஸ் 762. ஒரே பருவத்தில் என்றால் 1927இல் ரூத் 60, 1961இல் ரோஜர் மாரிஸ் 61, 2001இல் பாண்ட்ஸ் 73. 'கடைசி இன்னிங்ஸில் ஒரு முழுச்சுற்று அடித்தார்' என்று வர்ணனையிலும் உறுத்தாமல் வருகிறது. போட்டித்தொடரின் 'முதல் சுற்று', 'இரண்டாம் சுற்று' எல்லாவற்றோடும் குழம்பும் என்று அம்மா ஒருவர் ஆட்சேபித்தார். 'முழு' முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானில் 868 அடித்த சதஹாரு ஓவைத் தமிழில் வெறும் 'ஓ' என்று எழுதினால் வியப்புக்குறி தேடத் தோன்றும், முழுப்பெயராகவே எழுதுவோம். ஆரன் என்பது ஹேங்குக்குக் குடும்பப்பெயர், 2022இல் 62 அடித்த ஆரன் ஜட்ஜுக்கு முதற்பெயர். பட்டியலில் 'ஆரன்' என்று மட்டும் போட்டால் வம்புதான். அப்புறம் சிசில் ஃபீல்டரும் அவர் மகன் பிரின்ஸ் ஃபீல்டரும். அப்பாவும் 319, பிள்ளையும் 319! பிழைப்பெல்லாம் மட்டையில், பெயரோ ஃபீல்டர். ஆர்வக்கோளாறில் யாராவது இதைக் 'களத்தடுப்பாளர்' என்று பெயர்த்துவிடப் போகிறார்கள்.

ஆனால் பட்டப்பெயர் வேறு. 1911 உலகத் தொடரில் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) இரண்டு அடித்து 'ஹோம் ரன்' பேக்கர் என்றே பெயர் வாங்கிய ஃபிராங்க் பேக்கர், எந்தப் பருவத்திலும் 12க்கு மேல் அடித்ததில்லை. அந்தக் காலத்து ஆட்டம் அப்படி. அவரை 'முழுச்சுற்று பேக்கர்' என்று எழுதினால்தான் பட்டத்தின் காரணம் படிப்பவருக்குப் புரியும்.

மூன்று தளங்களிலும் ஆள் நிற்கும்போது அடிப்பதற்கு 'நிறைதள முழுச்சுற்று' என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள்.