விறைப்பூசி போடேக்கயே கத்துதுகள், என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை_எச்ஓ:
எல்லாருக்கும் வணக்கம். கொழும்பில ஒரு ஆஸ்பத்திரியில இன்டர்னா இருக்கிறன், எதெண்டு கேக்காதேங்கோ. போன கிழமை ஒன்பது வயசுப் பெடியன் ஒண்டு தகரம் வெட்டி வந்தான், முன்னங்கையில நாலு இழை போட வேணும். விறைக்கிறதுக்கு லிக்னோகெய்ன் குத்தின நேரம் அவன் போட்ட சத்தத்துக்கு வெளிய நிண்ட தாய் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ள வந்திட்டா, ரெண்டு பேர் அமத்திப் பிடிச்சுத்தான் மிச்சத்தைப் போட்டம். பிறகு தைக்கேக்க ஒரு சத்தமில்ல, தாயின்ர ஃபோனில கார்ட்டூன் பாத்துக்கொண்டு கிடந்தான். அண்டைக்கு முழுக்க அவனுக்கு நொந்தது நான் போட்ட ஊசி மட்டும்தான். தோலை விறைக்கப் பண்ணுற எம்லா க்ரீம் பூசுறதெண்டா ஒரு மணித்தியாலம் இருக்க வேணும், அதோட அது வெட்டுப்படாத தோலுக்குத்தான், ஈடியூவில, அதுதான் அவசர சிகிச்சைப் பிரிவில, சரிவராது. நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?

பழைய_சேர்ஜன்:
தம்பி, எந்தக் கலர் நீடிலால குத்தினீர்? பச்சையால மருந்தை இழுத்து அந்தப் பச்சையாலயே குத்தியிருந்தா பெடியன் கத்தினதில பிழையே இல்ல. இழுக்கத்தான் தடிச்ச பச்சை, குத்த மெல்லிசான ஒரேஞ்ச், ஸ்டோரில இருந்தா அதிலும் மெல்லிசான சாம்பல், அதாவது 27 கேஜ். காயம் துப்பரவெண்டா நல்ல தோலைத் துளைக்காமல் வெட்டின விளிம்புக்கு உள்பக்கத்தால நுழையும், நோவு நல்லாக் குறையும். நல்ல தோலாலதான் போக வேணுமெண்டா சரிச்சுக் குத்தாமல் நேர குத்தும். முதல் அரை மில்லி விட்டிட்டு கையை ஆட்டாமல் நில்லும், அவன் "இப்ப பரவாயில்ல" எண்டு சொல்லுமட்டும். அதுக்குப் பிறகு மருந்து முன்னுக்குப் போக நீடில் பின்னால போகோணும், அடுத்த குத்து எப்பவும் விறைச்ச இடத்துக்குள்ள.

எரியிறது மருந்தின்ர புளிப்பால. அட்ரினலின் கலந்தது இன்னும் புளிப்பு, அட்ரினலின் கெடாமல் இருக்கத்தான் அப்பிடி வைச்சிருக்கு. 1% லிக்னோகெய்ன் 10 மில்லிக்கு 8.4% சோடியம் பைகார்பனேட் 1 மில்லி கலந்து உடனே போட்டா எரிவு தெளிவாக் குறையும். கூடக் கலந்தா திரண்டிடும், பூபிவகெய்ன் எண்ட மற்ற விறைப்பு மருந்தோட இந்த விளையாட்டே வேண்டாம். ஃப்ரிட்ஜில இருந்து எடுத்த வயலெண்டா கையுக்க கொஞ்ச நேரம் பொத்தி வைச்சிரும். டோசையும் மறக்காதேயும், அட்ரினலின் இல்லாததெண்டா கிலோவுக்கு 3 மி.கி, 1% எண்டா மில்லிக்கு 10 மி.கி, 25 கிலோப் பிள்ளைக்கு 7.5 மில்லிக்கு மேல போகக்கூடாது.

கொட்டாஞ்சேனை_நேர்ஸ்:
சேர் சொல்றதெல்லாம் சரிதான், ஆனா சனிக்கிழமை ராத்திரி ஈடியூவுக்கு வந்து பாருங்க, வெளியில நாப்பது பேரு, ரெண்டு பெட்டு, பைகார்பனேட் ஆம்பியூல எமர்ஜென்சி ட்ரேல இருந்து எடுத்தா எனக்குத்தான் ஏச்சு விழும். நான் பாத்த வரைக்கும் பாதிப் பயம் டொக்டர் சிரிஞ்ச பிள்ளைட கண்ணு முன்னுக்கே நிரப்புறதால வர்றது. அங்கிட்டு திரும்பி நிரப்புங்க, பிள்ளைய அம்மா மடியில வைங்க. "வலிக்கவே வலிக்காது"ன்னு மட்டும் சொல்லிராதீங்க, ஒருக்கா பொய்யின்னு தெரிஞ்சா அப்புறம் தையல் வெட்ட வந்தாலும் அடங்காது.

பல்லு_டொக்டர்:
எங்கட பக்கத்தில இதுதான் தினசரிப் பிரச்சினை, பல்லுப் புடுங்க வாற ஆக்களில பாதிப்பேர் பல்லுக்குப் பயமில்ல, ஊசிக்குத்தான் பயம். முரசைக் கோஸால துடைச்சுக் காய வைச்சிட்டு விறைப்பு ஜெல் பூசி ஒண்டு ரெண்டு நிமிசம் விட வேணும், ஈரத்தில பூசினா துப்பலோட போயிடும், கன பேர் பூசின உடன குத்துறதால ஜெல்லில பிரயோசனம் இல்லையெண்டு சொல்லினம். கன்னத்தை இறுக்கி இழுத்துப் பிடிச்சு, ஊசி போகேக்க கொஞ்சம் ஆட்டுவன். 1965ல மெல்சாக், வோல் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர் நோவைப் பற்றிச் சொன்ன கேட் கொன்ட்ரோல் கதைதான், தொடுகை போற நேரம் நோவுக்கு வழி குறையும், அடிபட்ட இடத்தை நாங்கள் தேய்க்கிறது அதுக்குத்தானே. ஆகக் கொடுமை மேலண்ணம். அங்க தோல் எலும்போட ஒட்டிக்கிடக்கு, மருந்து போக இடமில்ல. மிரர் பிடியால அந்த இடம் வெளுக்குமட்டும் அமத்தி, அமத்தினபடியே பக்கத்தில சொட்டுச் சொட்டா விடுவன்.

எல்லாத்தையும் விட வேகம். நிமிசத்துக்கு 1 மில்லிக்கு மேல தள்ளாதேங்கோ. நேரமில்லையெண்டு நேர்ஸ் அக்கா சொல்றா, ஆனா அந்தப் பெடியனை ரெண்டு பேர் பிடிச்சுக்கொண்டு நிண்டது எத்தினை நிமிசம்?

இன்னொண்டு, சீழ் கட்டின பல்லுக்குப் பக்கத்தில போட்டா சரியா விறைக்காது, அந்த இடமே புளிப்பேறிக் கிடக்கும். தள்ளி, அந்த இடத்துக்குப் போற நரம்பையே விறைக்கப் பண்ணுற ப்ளொக் குடுக்கிறது நல்லம். திரும்பத் திரும்ப அதிலயே குத்தி ஆளை வதைக்காதேங்கோ.

மருதானை_ரிஸ்:
நான் டொக்டர் இல்ல, ஊசி வாங்கின ஆள். போன வருசம் என்ட உம்மாக்கு கொடுப்புப்பல்லு கழட்டப் போன, டொக்டர் சிங்களம், உம்மாக்கு சிங்களம் கடைக்குப் போய் மரக்கறி வாங்குற அளவுக்குத்தான். அவர் "ரிதெனவத?", அதாவது வலிக்குதான்னு கேக்க கேக்க உம்மா வெக்கத்துல "நே, நே", இல்ல இல்லன்னு சொல்லிட்டே இருந்த, வீட்ட வந்துதான் அழுத, விறைக்காமலே கழட்டின மாதிரி இருந்திச்சாம். அதனால டொக்டர்மாரே, கைய உயர்த்துங்கன்னு ஒரு சாடையாவது முதல்லயே சொல்லி வைங்க, வாயில ஊசியோட எந்தப் பாஷையும் வராது. மத்தது உம்மாக்கு ஊசி போட்ட உடன நெஞ்சு படபடன்னு அடிச்சிச்சு, அது என்ன?

பல்லு_டொக்டர்:
ரிஸ், அது அனேகமா அட்ரினலின், கொஞ்ச நேரத்தில தானா அடங்கும், பயமும் அப்பிடித்தான் செய்யும். அம்மாக்கு ஹார்ட் வருத்தமோ பிரஷரோ இருந்தா அடுத்தமுறை ஊசிக்கு முதல் கட்டாயம் சொல்லுங்கோ. வெறும் வயித்தோடயும் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ.

வெள்ளவத்தை_எச்ஓ:
எல்லாருக்கும் நன்றி. சேர், பச்சைதான், கேவலமாத்தான் இருக்கு. நேற்று ஒரு ஓட்டோ ஓடுற ஐயாக்கு முகத்தில, நாடியில வெட்டு, ஒரேஞ்ச் நீடில், காயத்துக்கு உள்ளால, மனசுக்குள்ள எண்ணி எண்ணி விட்டன். பைகார்பனேட் கேக்கத் துணிவு வரேல்ல. ஐயா கண்ணை மூடிக்கொண்டு கிடந்து "இன்னும் குத்தேல்லயா தம்பி?" எண்டு கேட்டார், அந்த நேரம் பாதி மருந்து உள்ள போயிட்டுது. பக்கத்தில நிண்ட நேர்ஸ் மிஸ் மணிக்கூட்டைப் பாத்தவ, ஆனா ஒண்டும் சொல்லேல்ல.