பி.எம்.இ.ஜி.பி. கடனுக்கு வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள், என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. என் தங்கை எங்கள் கிராமத்தில் தையல் யூனிட் போட, சிறுதொழில் தொடங்க மானியத்தோடு வங்கிக் கடன் தரும் மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் விண்ணப்பித்திருக்கிறாள். திட்ட மதிப்பு 8 லட்சம். பெண், அதுவும் கிராமப்புறம் என்பதால் மானியம் 35 சதவீதம், கைக்காசு 5 சதவீதம் போட்டால் போதும். அதுவரை சரி.

மாவட்டத் தொழில் மையத்திலிருந்து கோப்பு வங்கிக்குப் போன பிறகுதான் சிக்கல். ஓவர்லாக் மெஷின் கொட்டேஷன், உத்யம் பதிவு (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு), திட்ட அறிக்கை எல்லாம் பார்த்துவிட்டு, அப்பா பெயரில் இருக்கும் வீட்டுப் பத்திரத்தை வைத்தால்தான் கடன் என்கிறார் மேலாளர். இந்த அளவு சிறுதொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி, அதற்காகத்தானே கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடு தரும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. உத்தரவாதமே இருக்கிறது? எடுத்துச் சொன்னால், "அதெல்லாம் பேப்பர்ல தாம்மா" என்று பதில் வருகிறது. அந்த வீடு ஒன்றுதான் எங்களுக்கு இருக்கிறது, அதை வைக்க மனம் வரவில்லை.

பிணை இல்லாமல் இந்தக் கடன் வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மறுப்பதை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்கலாமா, அல்லது நேராக, மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் போவது நல்லதா? அப்புறம், வேறு கிளைக்குக் கோப்பை மாற்றியவர்கள் இருந்தால் எப்படி மாற்றினீர்கள் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.