மழை பெய்யுது, தண்ணி நிக்க மாட்டேங்குது: சேர்வராயன் மலையிலிருந்து மேட்டூர் வரை நாம பார்த்தவை

நாகலூர் காபித் தோட்டக்காரர்:

எல்லாருக்கும் வணக்கம். சேலம் பக்கம் தண்ணி எப்படி மாறியிருக்குன்னு அவங்கவங்க கண்ணால கண்டதை எழுதுங்க. நான் ஏற்காடு பக்கம், சேர்வராயன் மலை மேலிருந்து தொடங்குறேன்.

எங்க தோட்டத்துல அப்பா காலத்திலிருந்தே மழைமானி இருக்கு. காலையில எட்டரை மணிக்கு அளந்து நோட்டுல எழுதுறது வழக்கம். பழைய நோட்டையும் புதுசையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா, பல வருஷங்கள்ல மொத்தக் கணக்கு பெரிசா குறையல. பெய்யுற விதந்தான் மாறிப்போச்சு. அப்பல்லாம் ஐப்பசி, கார்த்திகையில வாரக்கணக்கா தூறிக்கிட்டே இருக்கும். பக்கம் முழுக்க சின்னச் சின்ன எண்ணா நிறைஞ்சிருக்கும். இப்ப பல நாளைக்கு வெறும் கோடு, நடுவுல ஒரே நாள்ல பெரிய எண், மறுபடியும் கோடு.

மலைக்கு அதுதான் கெடுதல். நிதானமா பெய்யுற மழை சருகுல ஊறி, வேரோட இறங்கி, பாறை இடுக்குல தங்கி, மாசி பங்குனியிலயும் ஊத்தாக் கசியும். ஒரே ராத்திரியில கொட்டினா மேல்மண்ணையும் அள்ளிக்கிட்டு ஓடையில போயிடும். காத்து ஒரு டிகிரி சூடேறினா ஏறக்குறைய 7 சதவீதம் ஈரத்தைக் கூடுதலாப் பிடிச்சு வெச்சுக்கும். அதனாலதான் பெய்யாம இழுத்தடிக்கிறதும், பெய்ஞ்சா கொட்டித் தீர்க்கிறதும். 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் உள்ள வந்தப்போ கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ. பெய்ஞ்சுது. இங்க மலைப்பாதையில மண் சரிஞ்சு வண்டி போக வழியில்ல. அவ்வளவு தண்ணி போச்சே, அடுத்த பங்குனியில எங்க சுனை பழையபடி நூலாட்டந்தான் வடிஞ்சுது.

காபிக்கு இன்னொரு கஷ்டம். பங்குனி, சித்திரையில ஒரு அங்குலம் போல பூ மழை பெய்யணும். பெய்ஞ்சு பத்து நாள் வாக்குல தோட்டமே வெள்ளையாப் பூக்கும். அதுக்கப்புறம் சில வாரத்துக்குள்ள இன்னொரு மழை வந்தாத்தான் பிஞ்சு நிக்கும். இப்ப முதல் மழை வந்தா ரெண்டாவது வர்றதில்ல. வெயில் கூடினா தண்டுத்துளைப்பான் பூச்சியும் கூடுது. அரபிகா வகைக் காபிச் செடியை உள்ளுக்குள்ளயே தின்னுடுது. நிழல் மரத்தை வெட்டின தோட்டங்கள்லதான் அது அதிகம். மரத்தை விட்டு வெச்சிருக்கிறவங்க கொஞ்சம் தப்பிச்சிருக்காங்க.

ஓமலூர் குச்சிக்கிழங்கு விவசாயி:

அண்ணே, நீங்க சொல்ற ஓடைத் தண்ணிதான் கீழ எங்களுக்கு சரபங்கா ஆறு. கிழக்கு, மேற்குன்னு ரெண்டு பிரிவா உங்க மலையிலிருந்து இறங்கி ஓமலூர்கிட்ட ஒண்ணா சேரும். எங்க அய்யா காலத்துல ஆத்தோரக் கிணத்துல மாடு கட்டிக் கவலை இறைச்சு ரெண்டு போகம் வெள்ளாமை எடுத்தாங்க. இப்ப அந்தக் கிணறு குப்பைக் குழி.

2016 வடகிழக்குப் பருவமழை பொய்ச்சதை மறக்கவே முடியாது. தமிழ்நாடு முழுக்க பாதிக்கும் மேல குறைவு. 2017 ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சின்னு அறிவிச்சாங்க. அந்தக் கோடையில போர் கம்ப்ரசர் வெறும் காத்தைத்தான் தள்ளுச்சு. பக்கத்துத் தோட்டத்துல ஆயிரம் அடி தாண்டிப் போர் போட்டும் புகைதான் பறந்துது. நம்மூரு அடியில முழுக்கக் கெட்டிப் பாறைங்க. வெடிப்புல நிக்கிற தண்ணிதான் நமக்கு. அதை ஒரு மாசத்துல உறிஞ்சிடலாம். அது திரும்ப நிறையணும்னா, ஒழுங்கா மழை பெய்யுற சில வருஷமாவது ஆகும். மாட்டை வித்து போர் போட்டவங்க எத்தனை பேர்! குச்சிக்கிழங்குக்கு, அதான் மரவள்ளிக்கு, தண்ணி கம்மியா போதும்னு சொல்வாங்க. வேர் பிடிக்கிற பருவத்துல காய்ஞ்சா அதுவும் விரலாட்டம்தான் வரும்.

கன்னங்குறிச்சி ஆசிரியை:

நகரத்துப் பக்கத்தையும் சொல்கிறேன். பனமரத்துப்பட்டி ஏரி 1911இல் சேலத்தின் குடிநீருக்காகவே கட்டியது. 2000 ஏக்கருக்கு மேல் பரப்பு. என் மாணவர்கள் பலர் அதில் தண்ணீரைப் பார்த்ததே இல்லை, சீமைக்கருவேலத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். நாம் குடிப்பது மேட்டூரிலிருந்து வரும் காவிரி. பக்கத்து மலையில் பெய்யும் மழையைத் தேக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழையை நம்பி ஒரு நகரமே வாழ்கிறது. பருவநிலை இப்படித் தடுமாறும் காலத்தில் இது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

மூக்கனேரியைப் பாருங்கள். 2010 வாக்கில் ஊர் மக்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து தூர்வாரி, மண்ணைத் திட்டுகளாக்கி மரம் வைத்தார்கள். ஏற்காட்டு அடிவாரத்தில் கொட்டும் மழை புது ஏரி நிரம்பி வழிந்து இங்கே வந்து சேர்கிறது. கொட்டும் மழையையும் பிடித்து வைக்க இடம் இருந்தால் பிடிக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறு பற்றி எழுத மனம் வரவில்லை. மழைக்காலம் போக மற்ற நாள்களில் அதில் ஓடுவது சாக்கடை.

பண்ணவாடி மீனவர்:

நாங்க மேட்டூர் நீர்ப்பிடிப்புல இருக்கிறவங்க. தண்ணி இறங்கினா ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளிய தெரியும், அந்தப் பக்கம் பழைய மாதா கோயில் கோபுரம் தெரியும். அணை கட்டினப்ப முழுகின ஊருங்க. வெளியூர்க்காரங்க போட்டோ எடுக்க வருவாங்க. எங்களுக்கு அது வலை காயுற காலம். நாகமரைக்குப் பரிசல் போற துறையே எங்கயோ தள்ளிப் போயிடும்.

2023ல ஜூன் 12 டெல்டாவுக்குத் திறந்தாங்க, தண்ணி இல்லாம அக்டோபர் 10ல மூடிட்டாங்க. 2024ல ஜூன் 12 திறக்கவே முடியல. அந்த சித்திரையில சேலத்துல வெயில் 42 டிகிரியைத் தாண்டுச்சு. இருக்கிற தண்ணியும் ஆவியாப் போச்சு, மீனும் செத்து மிதந்துது. அப்புறம் ஜூலைக் கடைசியில ஒரே மூச்சுல வந்து 120 அடியும் நிறைஞ்சு உபரி திறந்தாங்க. அதே வாரந்தான் வயநாட்டுல மலை சரிஞ்சு நூத்துக்கணக்குல சனங்க செத்தாங்க. அந்த வயநாட்டு மழைதான் கபினி ஆத்து வழியா எங்க அணைக்கும் வருதுன்னு நினைச்சா, நிறைஞ்ச தண்ணியைப் பார்த்து சந்தோஷப்பட மனசு வரல.

எடப்பாடி பக்கத்து வாசகர்:

அந்த உபரியைத்தான் சரபங்கா நீரேற்றுத் திட்டத்துல 100 ஏரிக்குக் கொண்டு போறாங்க. 565 கோடித் திட்டம், 2021ல முதல் கட்டம் தொடங்குச்சு. தண்ணி வந்த ஏரியைச் சுத்திக் கிணறு ஊறினதை நானே பார்த்தேன். நல்ல திட்டந்தான். ஆனா அணை நிறையாத வருஷத்துல குழாயில என்ன வரும்? வறட்சி வருஷத்துலதான் தண்ணி வேணும், அந்த வருஷத்துல உபரியே இருக்காதுல்ல.

நாகலூர் காபித் தோட்டக்காரர்:

எடப்பாடித் தம்பி கேட்டது சரியான கேள்வி. ஏரிக்கு மலை ஓடை வர்ற வாய்க்காலும் திறந்திருக்கணும். ரெண்டு வழியும் இருந்தாத்தான் ஏதாவது ஒண்ணு கைகொடுக்கும். நாங்க தோட்டச் சரிவுல குறுக்க கல்லடுக்கி, தண்ணி நின்னு ஊற ஒரே மட்டத்துல நீளக் குழி எடுத்திருக்கோம். கீழ இருக்கிற சுனை அதுக்கப்புறம் கூடுதலா சில வாரம் ஓடுது. ஓமலூர் தம்பி, உங்க ஊர்ல வாய்க்கால் எந்தெந்த இடத்துல அடைபட்டிருக்குன்னு சர்வே நம்பரோட எழுதி வைங்க. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்துக்குக் கிராமசபை கூடும். தீர்மானமாவே போடச் சொல்லலாம். அளவெடுக்க ஆள் வேணும்னா நானும் இறங்கி வர்றேன்.

ஓமலூர் குச்சிக்கிழங்கு விவசாயி:

வாங்கண்ணே. எங்க ஏரிக்கரை மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடியிலிருந்தே தொடங்கலாம், முதல் அடைப்பு அங்கதான். வாசகர் ஐயா, நீங்களும் உங்க ஏரிக் கணக்கைக் கொண்டு வாங்க.