கல்யாணக் கனவில் கத்திரிக்காய்: நல்லதா, கெட்டதா?

கேள்வி:
ஜப்பானில் ஷிசுவோக்கா பக்கம் வேலை பார்க்கிறேன். ஜனவரி 1 இரவு ஒரு கனவு. ஊரில் யாருடைய கல்யாணமோ, பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். இலையில் எண்ணெய்க் கத்திரிக்காய் மட்டும் திரும்பத் திரும்ப விழுகிறது. சோறு வரவே இல்லை.

விடுமுறை முடிந்து போனதும், "ஹட்சுயுமே என்ன?" என்றார் பக்கத்து மேசைக்காரர். ஆண்டின் முதல் கனவுக்கு அப்படிப் பெயர். கத்திரிக்காய் என்றதும் கைதட்டிவிட்டார். ஃபுஜி மலை, அடுத்து பருந்து, மூன்றாவது கத்திரிக்காய் என்று நல்ல கனவுக்கு இங்கே வரிசையே உண்டு. அம்மாவிடம் போனில் சொன்னேன். அவர் காதில் கத்திரிக்காய் விழவில்லை. "கல்யாணமா? சாவுச் செய்தி வருமே! பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன்" என்றார். யார் பேச்சை எடுத்துக்கொள்வது?

பதில் 1:
கத்திரிக்காய்க்கு அங்கே 'நாசு'. காரியத்தை முடிப்பதற்கும் அதே ஒலி. பருந்து 'தாக்கா', உயரத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒலிக்கிறது. இந்த மூன்றும் அந்நாளில் ஜப்பானை ஆண்ட தொக்குகவா இயெயாசுவுக்குப் பிடித்தவை என்றும் ஒரு கதை உண்டு. எனக்கென்னவோ சிலேடைதான் சரியாகப் படுகிறது. நீங்கள் தமிழில் அல்லவா கனவு கண்டீர்கள்? நம் காதுக்கு 'நாசு' என்றால் நாசம்தான்.

பதில் 2:
சிலேடையை லேசாக நினைக்காதீர்கள். கி.மு. 332இல் இன்றைய லெபனானில் உள்ள டைர் நகரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்த அலெக்சாந்தரின் கனவில் 'சாட்டிரோஸ்' என்னும் காட்டுத் தேவன் வந்தான். குறிசொல்லும் அரிஸ்டாண்டர் அந்தச் சொல்லையே இரண்டாக உடைத்தார்: 'சா டூரோஸ்', அதாவது 'டைர் உன்னுடையது'. நகரமும் விழுந்தது. கிரேக்கம் தெரியாதவனுக்கு அதே கனவு வந்திருந்தால் வெறும் கூத்துதான்.

பதில் 3:
அம்மாவைத் தள்ளிவிடாதீர்கள். நம் பக்கம் தலைகீழ்க் கணக்கு. கல்யாணம் கண்டால் சாவு, செத்ததாகக் கண்டால் ஆயுள் கெட்டி. ஆனால் ஆண்டாளின் 'வாரணம் ஆயிரம்' முழுக்கக் கல்யாணக் கனவுதான். அதைக் கல்யாண வீட்டிலேயே பாடுகிறோம், ஒருவரும் பயப்படுவதில்லை! அது கிடக்கட்டும், எத்தனை மணிக்குக் கண்டீர்கள்? விடியற்காலைக் கனவுக்குத்தான் பலன்.

கேள்வி கேட்டவர்:
மூன்று மணி இருக்கும். தேங்காய் சரிபாதியாக உடைந்ததாம், அம்மாவுக்கு நிம்மதி. பக்கத்து மேசைக்காரர் இன்று மதியம் எனக்கென்று கத்திரிக்காய் ஊறுகாய் வாங்கி வந்திருந்தார். இந்த முறை சோறும் இருந்தது.