டபிள்யூபிஎஃப்: யூசர்கண்ட்ரோலில் இருந்து கமாண்டை வெளியே கொடுப்பது எப்படி?

கேள்வி
டாட்நெட் 8, டபிள்யூபிஎஃப் (விண்டோஸ் டெஸ்க்டாப் ஆப்களின் திரையை எழுதும் கட்டமைப்பு). ஒரு டெக்ஸ்ட்பாக்ஸும் ஒரு பட்டனும் சேர்ந்த யூசர்கண்ட்ரோல், பெயர் சர்ச்பாக்ஸ். இதை நாலு விண்டோவில் போட வேண்டும். பட்டனை அழுத்தினால் அந்தந்த வியூமாடலின் (விண்டோவுக்குப் பின்னால் தரவையும் செயல்களையும் வைத்திருக்கும் கிளாஸ்) கமாண்ட் ஓட வேண்டும். சர்ச்கமாண்ட் என்று ஐகமாண்ட் வகையில் சாதாரண ப்ராப்பர்ட்டி வைத்தேன். விண்டோவில் அதை வியூமாடலோடு இணைக்க பைண்டிங் கொடுத்ததும், டிபெண்டன்சி ப்ராப்பர்ட்டிக்கு (டபிள்யூபிஎஃப்பிடம் பதிவு செய்த சிறப்பு ப்ராப்பர்ட்டி) மட்டும்தான் பைண்டிங் போடலாம் என்று எக்ஸெப்ஷன் வருகிறது.

பதில் 1
எரரிலேயே விடை இருக்கிறது. சர்ச்கமாண்டை டிபெண்டன்சி ப்ராப்பர்ட்டியாக்க, ஸ்டாட்டிக் ரீட்ஒன்லி ஃபீல்டாக, சர்ச்கமாண்ட்ப்ராப்பர்ட்டி என்ற பெயரில் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யும் ரெஜிஸ்டர் மெத்தடுக்கு முதலில் பெயர் (கையால் அடிக்காமல், பெயரைக் கோடிலிருந்தே எடுக்கும் நேம்ஆஃப் போடுங்கள்), அடுத்து வகை ஐகமாண்ட், மூன்றாவது சொந்தக்கார கிளாஸ் சர்ச்பாக்ஸ். பலர் சறுக்குவது மூன்றாவதில்தான். வேறு கண்ட்ரோலில் இருந்து காப்பி அடித்துவிட்டு பழைய கிளாஸ் பெயரை மாற்ற மறந்தால், இதே எக்ஸெப்ஷன் திரும்ப வரும்.

சர்ச்கமாண்ட் ப்ராப்பர்ட்டியின் கெட்டரில் கெட்வேல்யூ, செட்டரில் செட்வேல்யூ. அதற்கு மேல் ஒரு வரி கூட வேண்டாம். ஸாமலில் (திரையை விவரிக்கும் மார்க்கப் ஃபைல்) போடும் பைண்டிங் உங்கள் செட்டரைத் தொடவே தொடாது, பிரேக்பாயிண்ட் வைத்தாலும் நிற்காது.

யூசர்கண்ட்ரோலுக்கு ரூட் என்று எக்ஸ்:நேம் கொடுத்து, உள்ளே பட்டனின் கமாண்டை எலிமென்ட்நேம் ரூட், பாத் சர்ச்கமாண்ட் என்று பைண்ட் செய்யுங்கள்.

கேட்டவர்
எக்ஸெப்ஷன் போய்விட்டது. ஆனால் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. அவுட்புட்டில் டேட்டா எரர் 40: என் கமாண்ட் சர்ச்பாக்ஸ் ஆப்ஜெக்ட்டில் இல்லையாம்.

பதில் 2
சர்ச்பாக்ஸின் கன்ஸ்ட்ரக்டரில் டேட்டாகான்டெக்ஸ்ட்டுக்கு (பைண்டிங் மதிப்பைத் தேடும் ஆப்ஜெக்ட்) திஸ், அதாவது கண்ட்ரோலையே, கொடுத்திருக்கிறீர்கள், சரிதானே? எரரில் வியூமாடல் பெயர் வர வேண்டிய இடத்தில் சர்ச்பாக்ஸ் வருவதுதான் அடையாளம். விண்டோவில் நீங்கள் போட்ட பைண்டிங்கும் கண்ட்ரோலின் டேட்டாகான்டெக்ஸ்ட்டைத்தான் பார்க்கும். அதை நீங்களே மாற்றிவிட்டால் வியூமாடல் எப்படிக் கிடைக்கும்? அந்த வரியைத் தூக்கிவிடுங்கள். கமாண்ட் காலியாக (null) இருந்தால் பட்டன் மங்காது, சும்மா அழுந்தும். அதனால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அவுட்புட்தான் கதி.

கேட்டவர்
ஆம், அதேதான். நீக்கியதும் ஓடுகிறது. இன்னொன்று: தேடும் சொல்லுக்கு சர்ச்டெக்ஸ்ட் என்று ஒரு டிபெண்டன்சி ப்ராப்பர்ட்டியும் வைத்து, டெக்ஸ்ட்பாக்ஸோடு பைண்ட் செய்திருக்கிறேன். பட்டனை அழுத்தினால் புதிய சொல் போகிறது, என்டர் தட்டினால் பழைய சொல்லே போகிறது.

பதில் 1
டெக்ஸ்ட்பாக்ஸின் டெக்ஸ்ட் பைண்டிங் இயல்பாக லாஸ்ட்ஃபோகஸில்தான் (ஃபோகஸ் வேறு இடத்துக்குப் போகும்போது) மதிப்பைத் தள்ளும். பட்டனைச் சொடுக்கினால் ஃபோகஸ் நகர்கிறது, மதிப்பு போய்விடுகிறது. என்டரில் ஃபோகஸ் அங்கேயே இருக்கிறது. கண்ட்ரோலுக்கு உள்ளே இருக்கும் பைண்டிங்கில் அப்டேட்சோர்ஸ்ட்ரிகரை ப்ராப்பர்ட்டிசேஞ்டு (டெக்ஸ்ட் மாறிய உடனே தள்ளும்) ஆக்குங்கள். வெளியே விண்டோவில் போட்டால் பலன் இல்லை. சர்ச்டெக்ஸ்ட்டைப் பதிவு செய்யும்போது ஃப்ரேம்வொர்க்ப்ராப்பர்ட்டிமெட்டாடேட்டாவில் பைண்ட்ஸ்டூவேபைடிஃபால்ட் கொடுத்துவிட்டால், நாலு விண்டோவிலும் மோட் டூவே (இரு பக்கமும் மதிப்பு போகும் பைண்டிங்) என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.