‘இனம்’ என்றே போட்டுவிடலாமா? தென் ஐரோப்பிய வகைப்பாட்டுக்கு ஒரு கலைச்சொல்

க. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். தென் ஐரோப்பிய மக்களை 19ஆம் நூற்றாண்டு மானிடவியலர் உடலமைப்பு வைத்துப் பிரித்த வரலாறு தமிழில் வரப்போகிறது. ‘ரேஸ்’, ‘டைப்’ இரண்டுக்கும் ‘இனம்’ என்று போடுவதே நம் வழக்கம். 1931 இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பையொட்டி மானிடவியலர் குகா செய்த வகைப்பாட்டின் வழியே ‘மத்தியதரைக்கடல் இனம்’ நம் கையேடுகளுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. ‘டைப்’புக்கு மட்டும் ‘உடல்வகை’ என்றால் போதுமா?

ம. எழுதியது:

> ‘உடல்வகை’ என்றால் போதுமா?

போதாது ஐயா. ஒல்லி, பருமன் என்றுதான் வாசகர் எண்ணுவார். என் பரிந்துரை ‘உருவகை’. ஆனால் மூலத்தில் யார் எந்தச் சொல்லை ஆண்டார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

மத்தியதரைக்கடல் மக்களைப் பற்றி இத்தாலிய மானிடவியலர் செர்ஜி 1895இல் இத்தாலியனில் எழுதிய சொல் ‘ஸ்தீர்ப்பே’. ஒரே வேரிலிருந்து கிளைத்து வந்தவர்கள் என்று பொருள். 1901இல் ஆங்கிலத்துக்குப் போனபோது அது ‘ரேஸ்’ ஆயிற்று, நம் கைக்கு வரும்போது ‘இனம்’. தமிழில் ‘கால்வழி’ கச்சிதமாகப் பொருந்தும். தவிர, செர்ஜி தலைச் சுட்டெண்ணை (தலையின் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம்) நம்பாதவர். மண்டையோட்டை மேலிருந்து பார்த்து நீள்வட்டம், முட்டைவடிவம், ஐங்கோணம் என்று பிரித்தவர். அவர் பெயரில் ‘நீள்தலை இனம்’ என்று எழுதினால் இரண்டு சொல்லுமே பிழை.

பிரெஞ்சு மானிடவியலர் தெனிக்கேர் இன்னும் தெளிவு. கண்ணெதிரே இருப்பவை மக்கட்குழுக்கள்; அவற்றின் பண்புகளைப் பிரித்தெடுத்து ஆய்வாளர் கட்டிக்கொள்ளும் அலகுதான் அவருக்கு ‘ராஸ்’ (‘ரேஸ்’ என்பதன் பிரெஞ்சு வடிவம்). அங்கேயும் ‘உருவகை’தான் சரி.

அமெரிக்கரான ரிப்ளி (1899) தலைச் சுட்டெண், நிறம், உயரம் மூன்றையும் கோத்து ஐரோப்பாவை டியூட்டானிய, ஆல்ப்ஸ், மத்தியதரைக்கடல் என மூன்றாக்கினார். ஆல்ப்ஸ் வகைக்கு ஒரு புகைப்படம் வேண்டியிருந்தது. ஜெர்மனியின் பாடன் பகுதியில் ஆயிரக்கணக்கான தலைகளை அளந்த ஆய்வாளர் அம்மோனிடம் கேட்டால், அவரிடம் ஒன்றுகூட இல்லை. உருண்டைத் தலை கிடைத்தால் ஆள் நெட்டை, இல்லையேல் பொன்முடி, அதுவும் இல்லையேல் மூக்கு ஒடுங்கியது. ஆளே அகப்படாத ஒன்றை ‘இனம்’ என்று எப்படி எழுதுவது?

ச. எழுதியது:

‘உருவகை’யில் ஒரு சிக்கல்: அவசர வாசிப்பில் ‘உருவகம்’ ஆகிவிடும். பிரித்து ‘உருவ வகை’ என்றே எழுதலாமே. ‘உருவ வகைப்பாடு’ விளக்கமின்றிப் புரியும்.

‘பிராக்கிசெபாலிக்’ என்பதற்கு அகராதிகளில் உள்ள ‘குறுந்தலை’யும் வேண்டாம். ‘பிராக்கி’ என்றால் குறுமை என்பது கிரேக்கத்துக்குச் சரி. தமிழில் அது சிறிய தலை என்று படும். சுட்டெண் என்பது அகலத்தை நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்குவது. ஆகவே நீள்தலை, இடைத்தலை, அகல்தலை.

தலைச் சுட்டெண்ணும் மண்டையோட்டுச் சுட்டெண்ணும் வெவ்வேறு என்பதையும் விட்டுவிடக் கூடாது. உயிருள்ளவர் தலையில் பொட்டுப் பகுதித் தசை அகலத்தைக் கூட்டிவிடும். அதனால் இந்த மூன்று வகைகளையும் பிரிக்கும் எல்லைகள் மண்டையோட்டுக்கு 75, 80 என்றால், உயிருள்ள தலைக்கு 76, 81. இத்தாலிய ராணுவ மருத்துவர் லிவி அளவுகளைத் தொகுத்தது ஏறக்குறைய 3 லட்சம் இத்தாலியப் படைவீரர்களிடம், அதாவது உயிருள்ள தலைகளில். பீட்மாண்டில் 85ஐ ஒட்டியும் சார்டீனியாவில் 77ஐ ஒட்டியும் வந்த அந்தச் சராசரிகளைப் புதைகுழி எலும்புகளுடன் ஒரே அட்டவணையில் வைத்தால் ஒப்பீடு கெடும்.

அளவையும் நுட்பமானது. வளைகால் காலிப்பரின் ஒரு முனையைப் புருவங்களுக்கு நடுவே நிறுத்தி, மறுமுனையைப் பிடரிப்பக்கம் மேலும் கீழும் நகர்த்தி, மிகப் பெரிய எண்ணை எடுக்க வேண்டும். கண்மதிப்பில் ஓரிடத்தில் வைத்தால் நீளம் குறையும். நீளம் 190 மி.மீ., அகலம் 152 என்றால் சுட்டெண் 80.0, இடைத்தலை. நீளத்தை 187 என்று குறித்துவிட்டால் 81.3. மூன்றே மி.மீ.யில் ஆள் அகல்தலை!

ம. எழுதியது:

‘உருவ வகை’ ஏற்கிறேன். நூலாசிரியரே ‘ரேஸ்’ என்று எழுதியதை மேற்கோளாகத் தரும்போது மட்டும் ‘இனம்’ இருக்கட்டும். அன்றைய பார்வையை நாம் திருத்தக் கூடாது.

சொற்களைச் சோதிக்க அமெரிக்க மானிடவியலர் போவாஸ் இருக்கிறார். நியூயார்க்கில் குடியேறிகளையும் பிள்ளைகளையும் அளந்து 1912இல் முழு அறிக்கை தந்தார். அமெரிக்காவில் பிறந்த சிசிலியப் பிள்ளைகளின் தலை, பெற்றோர் தலையைவிட அகலப்பட்டிருந்தது. மாற்றம் எவ்வளவு பெரியது என்பதில் 2002, 2003இல் மறுஆய்வாளர்கள் மோதிக்கொண்டது வேறு கதை. இதை இப்படி எழுதலாம்: ‘ஒரே கால்வழியில் வந்தும் பிள்ளைகளின் உருவ வகை நகர்ந்தது.’ இரண்டு இடத்திலும் ‘இனம்’ போட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.